முனைகள் பார்க்கப்பட்டனவா?

எங்கள் பழைய அலுவலகத்தில் ஒரு படம் அச்சுக்குப் போவதற்கு முன் அதோடு ஒரு சீட்டு போக வேண்டும். இளஞ்சிவப்புத் தாள், உள்ளங்கை அகலம். வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி என்ற வழக்கமான கட்டங்களுக்குக் கீழே, பிறகு யாரோ நுழைத்தது போல நெருக்கமாக, ஒரு வரி இருக்கும்: "முனைகள் பார்க்கப்பட்டனவா?"

புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் அந்த வரியை எடுத்துவிடலாம் என்கிறார்களாம். இப்போது திரையில் எண்களைக் கொடுத்தால் படம் தானாக வருகிறது, இந்த வரி எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். மதியங்களில் அங்கே வேலை பார்க்கும் கௌசல்யா எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, எனக்குப் பதில் சொல்லத் தெரியும். ஆனா நான் சொல்றது மரியாதை இல்லை. இக்னேஷியஸ் சாரைக் கேட்டேன். 'வித்யாவைக் கேளு'ன்னுட்டு டீ குடிக்கப் போய்ட்டாரு. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

வேலை அனுபவங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. ஐந்து வருடம் வேலை பார்த்தேன், குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். அதை ஓய்வு என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. போன மாதம் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் எதையோ எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், கடைசியில் வேறு படிவம் வாங்கிவந்தேன். எதையும் ஒரே தடவையில் எழுதி முடிக்கிற ஆள் நான் இல்லை. இந்தக் கட்டுரையின் விஷயமும் ஏறக்குறைய அதுதான்.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது அலுவலகம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் வினாப் புத்தகங்களும் மாதிரித் தேர்வுகளும் தயாரிப்பார்கள். இயற்பியலில் முதுகலை முடித்ததும் அங்கே படப்பிரிவில் சேர்ந்தேன். முதல் வருடம் கப்பியும் சாய்தளமும் லென்சும் வரைந்ததில் போய்விட்டது. இரண்டாம் வருடத்திலிருந்து இயக்கப் படங்கள் எனக்கு வந்தன. ஒரு துகள் இருக்கும். அதன் x இவ்வளவு, y இவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே நேரத்தை வைத்துச் சொல்லியிருப்பார்கள். நேரத்துக்கு t என்று பெயர். அந்தத் துகள் போகும் பாதையை வரைய வேண்டும்.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு சமன்பாடுகளையும் சேர்த்து t-ஐ நீக்கிவிட்டால் x-க்கும் y-க்கும் நேரடி உறவு கிடைக்கும். வட்டம், பரவளையம் என்று தெரிந்த உருவம் ஒன்று வந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடலாம். எங்கள் படப்பிரிவின் தலைவர் இக்னேஷியஸ் சாருக்கு அந்த வழி ஆகவே ஆகாது.

சார் அப்போது நாற்பதுகளின் நடுவில் இருந்தார். சாந்தோம்காரர், வீட்டில் எல்லோருமே ஆசிரியர்கள். அவர் மட்டும் வகுப்பறைக்குப் போகாமல் படப்பிரிவுக்கு வந்துவிட்டார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், தாளைத்தான் பார்ப்பார். அவர் வைத்திருந்த முறை இது. முதலில் அட்டவணை: t, x, y என்று மூன்று பத்தி. t-ஐ முப்பது முப்பது டிகிரியாக ஏற்றிப் பதின்மூன்று வரி. பிறகு வரைபடத் தாளில் கெட்டிப் பென்சிலால் பதின்மூன்று சின்னப் பெருக்கல் குறி. புள்ளி வைக்கக் கூடாது, புள்ளி தடித்துவிடும். ஒவ்வொரு குறிக்கும் பக்கத்தில் அதன் நேரம். அதன் பிறகே கோடு, அம்புக்குறி. சமன்பாட்டை எல்லாம் முடிந்த பிறகு எடுத்து, ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். கடைசியாக, வரைந்தவர் வலது கீழ் மூலையில் முதல் எழுத்தைப் போட வேண்டும். நான் "வி" என்று போடுவேன், கணினிப் படத்திலும் அது அப்படியே இருக்கும். கணினி இருந்தது, கணினியில்தான் இறுதிப் படம் தயாராகும். ஆனால் கையால் போட்ட இந்தத் தாள் இல்லாமல் எந்தப் படமும் கணினிக்குப் போகாது.

அவர் மேஜை இழுப்பறையில் ஒரு வெள்ளைச் சட்டைப் பட்டன் இருந்தது. நாம் தாளைக் கொடுத்ததும் அதை எடுத்துக் கோட்டின் தொடக்கத்தில் வைப்பார். அட்டவணையைப் பார்த்துக்கொண்டே விரலால் தள்ளுவார். "இப்ப இங்க. அடுத்து இங்க. அடுத்து?" நாம் பதில் சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் தடுமாறினாலும் பட்டனை எடுத்து நம் கையில் கொடுத்துவிடுவார். திட்டமாட்டார். பட்டனோடு நம் இருக்கைக்குத் திரும்பி நடக்கும்போது அலுவலகம் முழுக்கப் பார்க்கும், அது போதும். "வித்யாவுக்கு இன்னிக்கு பட்டன் தைக்கிற வேலை" என்று தட்டச்சுப் பிரிவில் சிரிப்பார்கள்.

இனி அந்தப் படம்.

x = 2 sin t, y = cos 2t. துகளின் பாதையை வரைக, ஐந்து மதிப்பெண். பணம் கட்டிப் பயிற்சிக்கு வர முடியாத பிள்ளைகளுக்காக வார இறுதி இலவச வகுப்பு ஒன்றை அலுவலகம் நடத்தியது. முப்பது இடங்கள். பதினோராம் வகுப்பு முடித்தவர்கள் அதற்கு எழுதும் நுழைவுத் தேர்வில் வந்த கேள்வி இது. விடைப்படத்தை நான்தான் வரைந்தேன்.

சரியாகவே வரைந்தேன். அட்டவணை போட்டால் தெரிந்துவிடும். துகள் நடுவில் உச்சியில் கிளம்புகிறது. வலப்பக்கம் சரிந்து இறங்கி, x இரண்டு ஆனதும் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. வந்த வழியே திரும்பி ஏறி, உச்சியைத் தாண்டி, இடப்பக்கம் இறங்கி, அங்கேயும் நின்று திரும்புகிறது. கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவு, அதன் இரண்டு முனைகளுக்கு இடையே போவதும் வருவதும்தான் அதன் வாழ்க்கை முழுவதும். தூளி ஆடுவது மாதிரி என்று எழுத நினைத்தேன். தூளியின் வளைவு கீழ்நோக்கித் தொங்கும், இது மேல்நோக்கிக் குவிந்தது, அதனால் சரிவராது. ஆனாலும் முனையில் நின்று திரும்புவது அப்படியேதான்.

t-ஐ நீக்கினால் இதே கேள்வி ஒரு பரவளையத்தைத் தரும். பரவளையத்துக்கு முடிவு கிடையாது, இரண்டு பக்கமும் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். ஆனால் துகள் அங்கெல்லாம் போவதில்லை.

சார் பட்டனைத் தள்ளிப் பார்த்தார். முழுச் சுற்றும் தடுமாறாமல் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

அச்சுக்குப் போகும் நாளில் எனக்கு ஸ்கேன் இருந்தது. ஆறாவது மாதம். டாக்டரம்மா ஒரு வரைபடத்தை எடுத்து, வாரத்தையும் குழந்தையின் எடையையும் பார்த்து ஒரு புள்ளி வைத்தார். புள்ளி, அங்கே இருந்த வளைகோடுகளில் கடைசிக் கோட்டுக்கும் கீழே விழுந்தது.

"பாப்பா கொஞ்சம் சின்னதா இருக்கு. ஒரு புள்ளியை வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, இன்னொரு புள்ளி வைப்போம்."

ஒரு புள்ளியால் பாதை தெரியாது என்பது எனக்குத் தெரியும். அது என் தொழில். ஆனால் ஆட்டோவில் திரும்பி வரும்போது அந்தக் கோடு அங்கேயே நின்றுவிட்டால் என்ற ஒரே யோசனைதான் இருந்தது.

மாலை நாலு மணிக்கு அச்சுப்படி கடைசியாக ஒருமுறை என் மேஜைக்கு வந்தது. பக்கம் புரட்டும்போது அந்தப் படம். இரண்டு பக்கமும் சட்டென்று நின்றுபோன கோடு. அன்றைக்கு என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. சமன்பாடு பரவளையம்தானே, பிள்ளைகள் அரைகுறைப் படம் என்று நினைக்க மாட்டார்களா, நான்தான் எங்கோ தப்பு செய்துவிட்டேனோ என்று காரணங்கள் வரிசையாக வந்தன. அவை எல்லாம் படிப்பு சம்பந்தப்பட்ட காரணங்கள் மாதிரியே இருந்தன. அட்டவணையை எடுத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்திருக்கும். எடுக்கவில்லை. கணினியில் படத்தைத் திறந்து, இரண்டு முனைகளையும் தாளின் அடிவரை நீட்டி, நுனிகளில் அம்புக்குறி போட்டேன். மூலையில் என் "வி" அப்படியே இருந்தது. சார் கையெழுத்து ஏற்கெனவே ஆகிவிட்டிருந்ததால் மறுபடி யாரும் பார்க்கவில்லை. கோடு போய்க்கொண்டே இருந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது.

தேர்வு நடந்தது. அந்த விடைப்படத்தை வைத்தே திருத்தினார்கள். முப்பது பெயர் கொண்ட பட்டியல் ஒட்டப்பட்டது.

பட்டியலுக்கு அடுத்த சனிக்கிழமை, சந்தேகம் கேட்க வருகிறவர்களுக்கான மேஜையில் என் முறை. ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா ஒரு துணிக்கடையின் சீருடைச் சேலையில் இருந்தார், நெஞ்சில் பெயர் அட்டை: பரிமளா. தி. நகரில் அந்தக் கடையில் லிப்ட் இயக்குகிறவர், சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கி ஓடிவந்திருந்தார். மகள்தான் கௌசல்யா. மாநகராட்சிப் பள்ளி மாணவி. இரண்டு மதிப்பெண்ணில் முப்பது பேருக்குள் வராமல் போயிருந்தாள்.

விடைத்தாளை விரித்தாள். பதின்மூன்று வரி அட்டவணை, அதன் கீழ் கவிழ்த்த கிண்ணம், முனைகளில் நிறுத்தம், ஒவ்வொரு குறிக்கும் நேரம். அட்டவணைக்கு இரண்டு மதிப்பெண், படத்துக்குப் பூஜ்யம், பக்கத்தில் சிவப்பு மையில் "பாதிப் படம்" என்று ஒரு குறிப்பு.

நான் விடைப்படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "பாரும்மா, பரவளையம் முழுசா வரணும். நீ பாதியில நிறுத்திட்டே."

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நீட்டப்பட்ட கோட்டில், x மூன்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"மேடம், துகள் இங்க எப்போ வரும்?"

"எப்போன்னா?"

"t எவ்ளோ போட்டா இங்க வரும்? நான் போட்டுப் பாத்துட்டேன். எதைப் போட்டாலும் ரெண்டைத் தாண்டலை."

அவள் அம்மா முன்னால் நகர்ந்து மேஜையில் கையை ஊன்றினார்.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணியும் பிரியாது மேடம். நேத்து இவ என்னாண்ட கேட்டா. யம்மா, உன் லிப்ட் மொட்ட மாடிய ஒட்ச்சிகினு மேல போவுமா, தரையத் தோண்டிகினு கீழ போவுமான்னு. இன்னாடி கேள்வி இது, அஞ்சாவது மாடில நிக்கும், அப்பால திரும்பி எறங்கும்னேன். அதத்தான் நானும் எழுதுனேன், முட்ட போட்டுக்கிறாங்கன்னா. நீங்க படிச்சவங்க. இவ சொல்றது தப்புன்னா சொல்லுங்க, இட்டுகினு போய்டறேன். நான் ரெண்டு மணிக்கு லிப்ட்டாண்ட நிக்கணும்."

"தப்பு இல்லீங்க," என்றேன். "ஆன்சர் கீயில ஒரு பிழை இருக்கு. பத்து நிமிஷம் உட்காருங்க."

கீயில் ஒரு பிழை. யாருடைய பிழை என்று சொல்லவில்லை. அந்த வாக்கியம் அதன் பிறகு எனக்குள் நெடுநாள் கிடந்தது.

சாரின் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். என் பேறுகால விடுப்பு மனு உள்ளே அவர் மேஜையில் இருந்தது. விடுப்பு முடிந்ததும் சில மாதம் வீட்டிலிருந்தே படம் போட அனுமதி வேண்டும் என்று அதில் கேட்டிருந்தேன். ஒப்புதல் பெற்ற படத்தை யாருக்கும் சொல்லாமல் மாற்றியவளுக்கு அப்படி ஒரு அனுமதியை எவர் தருவார்? அச்சகத்தில் நடந்த கோளாறு என்றால் நம்பிவிடுவார்கள் என்று ஒரு யோசனை வந்தது. வந்ததை மறைக்க விரும்பவில்லை. குழந்தை உதைத்தது. அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் உண்மையில் எழுந்ததற்குக் காரணம் வெளியே ஒரு அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

படத்தின் இளஞ்சிவப்புச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்: "ஒப்புதலுக்குப் பிறகு நான் மாற்றினேன். அட்டவணை பார்க்கவில்லை. வித்யா." உள்ளே போய் விடைத்தாளையும் சீட்டையும் மேஜையில் வைத்தேன்.

சார் கௌசல்யாவின் படத்தில் பட்டனை வைத்துத் தள்ளினார். உச்சி, வலமுனை, உச்சி, இடமுனை, உச்சி. பிறகு என் படத்தில் வைத்தார். முனைவரை வந்து பட்டன் நின்றது. அதைத் தாண்டி நீண்டிருந்த கோட்டைப் பார்த்தார்.

"நான் கையெழுத்து போடும்போது சரியா இருந்ததேம்மா. ஏன்?"

கீழே விழுந்த புள்ளியைப் பற்றிச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. அழுகிறவர்கள் முன்னால் எப்படி இருப்பது என்று சாருக்குத் தெரியவில்லை. தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார், பிறகு மூடியைத் திறந்து மறுபடி நகர்த்தினார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அது வேற தாள், இது வேற தாள்மா. அந்தத் தாள்ல நம்ம கையில ஒண்ணுமில்ல, ரெண்டு வாரம் காத்திருக்கணும். இந்தத் தாள் நம்ம கையிலதான் இருக்கு. எத்தனை விடைத்தாள்?"

"இருநூறுக்கு மேல, சார்."

"கொண்டா."

வெளியே வந்தபோது என் கண் சிவந்திருந்திருக்கும். மறுபடி திருத்துகிறோம், திங்கட்கிழமை சொல்கிறோம் என்றேன். பரிமளா என் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு ஓடினார்.

அன்றும் மறுநாளும் நாங்கள் இருவரும் அந்த ஒரு கேள்வியை மட்டும் எல்லாத் தாள்களிலும் திருத்தினோம். ஞாயிறு பூசை முடிந்து சார் நேராக வந்துவிட்டார். சரியாக வரைந்திருந்தவர்கள் கௌசல்யாவோடு ஐந்து பேர். அவர்களில் மூன்று பேர் புதிய மதிப்பெண்ணில் உள்ளே வர வேண்டியவர்கள். ஆனால் பட்டியலில் இருந்த முப்பது பேரிடம் இடம் உண்டு என்று சொல்லியாகிவிட்டது. மூன்று பேரை எடுத்துவிடு என்றது நிர்வாகம். பிழை நம்முடையது, அதற்கு எந்தப் பிள்ளையும் வெளியே போக வேண்டாம் என்றார் சார். அறையில் முப்பது நாற்காலிதான் இருக்கிறது என்றார்கள். திங்கட்கிழமை காலை ஆட்டோவில் மூன்று மடக்கு நாற்காலிகளோடு வந்து இறங்கினார். அவருடைய பங்குக் கோயில் கூடத்திலிருந்து கேட்டு வாங்கிவந்தவை. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் கோயில் எண் எழுதியிருந்தது. அதில் ஒன்றில் கௌசல்யா ஒரு வருடம் உட்கார்ந்தாள்.

சீட்டில் அந்தக் கடைசி வரியைச் சேர்த்தவர் சார். என்னைத் தண்டிக்க இல்லை, "நாளைக்கு எனக்கும் ஒரு நாள் அப்படி இருக்கும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா இரண்டாவது புள்ளியை வைத்தார். அதுவும் கடைசிக் கோட்டுக்குக் கீழேதான். ஆனால் இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் மற்ற கோடுகளின் சாய்வே இதற்கும் இருந்தது. "சின்னப் பாப்பா. ஆனா அவ பாட்டுக்கு ஒழுங்கா வளர்றா," என்றார். மித்ரா இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பிறந்தாள். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதியும் கிடைத்தது. ஆனால் பால் குடிக்க மாட்டாள், எடை ஏறாது, நான் வாராவாரம் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தேன். வேறு எந்தப் படத்துக்கும் என்னிடம் இடம் இல்லை. ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அது சரியா என்று மூன்றரை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பரிமளாவிடம் மட்டும் பாக்கி இருந்தது. கௌசல்யா பன்னிரண்டாம் வகுப்பில் தேறியபோது, கல்லூரியில் இயற்பியல் கிடைத்தபோது, எங்கள் படப்பிரிவிலேயே பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தபோது, ஒவ்வொரு தடவையும் மந்தைவெளியில் என் வீடு தேடிவந்து ஸ்வீட் கொடுத்தார். "மேடம்தான் எம் பொண்ணுக்கு சீட் வாங்கிக் குட்த்தாங்க" என்று என் கணவரிடம் சொன்னார். நான் சிரித்து வைத்தேன். பரிமளா போன பிறகு அந்த இனிப்பை என்னால் சாப்பிட முடிந்ததில்லை.

போன வாரம் மித்ராவுக்குப் பாவாடை வாங்க அந்தக் கடைக்குப் போனோம். பரிமளா லிப்டில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பிற்பகல், கூட்டம் இல்லை. மித்ராவுக்கு லிப்டை விட்டு வெளியே வர மனமில்லை. நாங்கள் மூவருமாக மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தோம். மூன்றாவது சுற்றில் சொல்லிவிட்டேன்.

"பரிமளாம்மா, அந்தப் பரீட்சையில தப்பா படம் போட்டதே நான்தான். உங்க பொண்ணுக்கு முட்டை விழுந்தது என்னாலதான். அன்னிக்கு நான் அதை உங்ககிட்ட சொல்லலை."

அவர் பித்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அய்ய, இத்தச் சொல்லத்தான் மூஞ்ச இப்டி வச்சிகினு கீறீங்களா? அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும் மேடம். காய்தத்து மூலைல 'வி'ன்னு போட்டிருந்துச்சாம், மேஜ மேல உங்க பேரு பலகை கீது. கௌசி ரோட்ல போவசொல்லவே சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் எனக்கு ஸ்வீட்..."

"வாயும் வவுறுமா கீறவங்க, உள்ள போய் ஒத்துகினு அழுதுட்டு வந்தீங்க. நீங்க பேசாம எங்கள அனுப்சி வுட்ருக்கலாம். இன்னா, நாங்க இன்னா பண்ணியிருப்போம்? திரும்பி வந்து சொன்னீங்கல்ல. அதுக்குதான் ஸ்வீட்டு."

ஐந்தாவது மாடியில் லிப்ட் நின்றது. மித்ரா கூரையைப் பார்த்து விரலை நீட்டினாள். "இன்னும் மேல?"

"மேல இல்ல கண்ணு. இதான் முனை. இப்ப பாரு, கீழ."

"இன்னொரு தபா!" என்றாள் மித்ரா.

வீட்டுக்கு வந்து ஒரு தாள் எடுத்தேன். படப்பிரிவில் அரை நாள் வேலைக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது, ஜூனில் வரலாம் என்று சார் தகவல் அனுப்பி ஒரு மாதமாகிறது. நான் பதில் சொல்லாமல் இருந்தேன். மூன்று பத்தி கிழித்தேன்: நேரம், மித்ரா எங்கே, நான் எங்கே. எட்டே முக்கால், பள்ளி வாசல், பள்ளி வாசல். ஒன்பதரை, வகுப்பு, ராயப்பேட்டை. பன்னிரண்டேகால், பள்ளி வாசல், பள்ளி வாசல். பதின்மூன்று வரி வந்தது. இரண்டு தடவை சரிபார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்கவில்லை, மூலையில் "வி" என்று போட்டுப் படம் பிடித்து சாருக்கு அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "முனைகள் பார்க்கப்பட்டனவா?"

பார்த்துவிட்டேன் சார். அந்த வரி இருக்கட்டும்.